எழுத்தைத் தின்ற பத்ரி

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக் கரையில், வக்கீல் ஆராவமுதய்யங்கார் வீட்டில் ஓர் அசடு இருந்தது. பெரிய குடும்பம் என்றால் அழகு ஒருத்தி, படிப்பாளி ஒருத்தன், கோபக்காரர் ஒருவர், அசடு ஒன்று என்று எல்லாம் அமைந்துவிட வேண்டும் போலிருக்கிறது. இதையெல்லாம் யார் பங்கு போட்டுக் கொடுக்கிறார்களோ தெரியாது. ஒரு தரம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் மட்டும் எந்த வீட்டிலும் கிடையாது. அந்த வீட்டில் படிப்பை மூத்தவன் ரகுபதி எடுத்துக்கொண்டான். இளையவன் பத்ரிநாராயணனுக்கு மிஞ்சியது அசட்டுத்தனம்.

அது அவனுக்கு வந்து சேர்ந்த நாளை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். விஜயதசமியன்று அக்ஷராப்யாசம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து அப்பா 'அ' என்று எழுத வைத்தார். வைதிகர்கள் மந்திரம் சொல்லி முடிக்க நேரமாகிவிட்டது. குழந்தை காலையிலிருந்து பட்டினி. எழுதின எழுத்தை அப்படியே ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பாவின் அக்கா வேதா அத்தை, அந்த வீட்டில் பேர் வைப்பதற்கென்றே பிறந்தவள், "எழுத்தைத் தின்னுடுத்தேடீ! இது அசடு!" என்றாள். அவ்வளவுதான். வைதிகர்கள் தட்சிணை வாங்கிக்கொண்டு போவதற்குள் பேர் நிலைத்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பேரில் போய்ச் சேர்ந்தது. ரகுபதி தீர்த்தச் சொம்பைக் கீழே போட்டால், "சொம்பு வழுக்கிடுத்து, பாவம்" என்பார்கள். பத்ரி போட்டால், "அசடு!" ரகுபதி பாடத்தை மறந்தால் குழந்தைக்குத் தூக்கம். பத்ரி மறந்தால் அசடு. அவன் ஏதாவது பாத்திரத்தைத் தூக்கினால் வீட்டிலுள்ள அத்தனை கண்ணும் அவன் கையைப் பார்க்கும். அத்தனை கண்ணும் பார்த்தால் யார் கைதான் நடுங்காது? நடுங்கும், விழும், "நான் சொல்லலை?" என்பாள் அத்தை. யாரும் கெட்டவர்கள் இல்லை. அசடு என்று சொல்லிக்கொண்டே அவன் இலையில் இன்னொரு கரண்டி அக்காரவடிசல் போடுகிறவள் அதே அத்தைதான். ஆனால் பத்ரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தான். வாயைத் திறந்தால் வெளியே வருவது என்ன என்று வீட்டார் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும்போது, திறப்பானேன்?

பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. வீட்டுக்கு ஒரு கொல்லைக் கதவு மாற்ற வேண்டியிருந்த சமயம், ரகுபதிக்குக் கோர்ட்டில் ஜோலி. வேறு ஆள் அகப்படாமல் பத்ரியை அனுப்பினார்கள். "தேனாம்பேட்டை மரவாடியில போய், வக்கீலாத்துக் கதவு எப்போ வரும்னு மட்டும் கேட்டுண்டு வா. வேற ஒண்ணும் பேசாதே" என்று அப்பா இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

மரவாடிக்குச் சொந்தக்காரர் பீர் முஹம்மது. மாம்பலத்தில் ஏரியை மேடாக்கிப் புது வீடுகள் எழும்பிய காலம் அது. கதவும் நிலையும் ஜன்னலும் அவர் வாடியிலிருந்து வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தன. திருமண் இட்ட ஒரு இளைஞன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சாமி, குந்துங்க. கதவு ரெண்டு கீது. ரெண்டையும் பாருங்க. உங்களுக்கு எது புடிக்குதோ அத்த அனுப்பிடறேன்" என்றார்.

பத்ரி திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறார். இத்தனை வருஷத்தில் உனக்கு எது பிடிக்கும் என்று அவனை யாரும் கேட்டதில்லை; கேட்காததால் அவனும் யோசித்ததில்லை. இரண்டு கதவையும் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு மெதுவாக, "கொல்லைக் கதவைத் தினம் தெறக்கப்போறது எங்கம்மா. இடுப்புல குடத்தோட வருவா. இந்தத் தாழ்ப்பாள் ரொம்ப உசரத்துல இருக்கே, ஒரு கையால எட்டாதே" என்றான்.

"அடடே!" என்றார் பீர் முஹம்மது. அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பத்ரிக்குச் சித்திரக்குளம் வரை கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரம் அவராகவே ஆள் அனுப்பி, வருகிறவர்களிடம் பேசிக் கதவு காட்ட ஒரு பிள்ளை வேண்டும், சாமியை அனுப்ப முடியுமா என்று கேட்டார். "மரத்தோட மரமா நிக்கட்டும், போ" என்று வேதா அத்தை ஆசீர்வாதம் பண்ணினாள். வீட்டார் மட்டும் வெளியில் அதை மரவாடி என்று சொல்லவில்லை. "பையன் தேனாம்பேட்டையில ஒரு கம்பெனியில இருக்கான்" என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை வீட்டில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். வாடியில் அவனுக்குப் பேர் நாராயணன் சாமி. காலையில் லஸ் முனை தாண்டும்வரை குனிந்த தலை. எல்டாம்ஸ் ரோடு திரும்பும்போது முதுகு நிமிரும். வாடி வாசலை மிதித்ததும் வாய் திறக்கும். திறந்த வாய் சாயங்காலம்வரை மூடாது. கதவு வாங்க வருகிற புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், இவன் நடுவில் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "தினம் இதைத் தெறக்கப்போறது யாரு?" யார் தினம் தொடுகிறாரோ அவர் சொல்வதுதான் முடிவு. எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கேள்வியால் சிரித்துக்கொண்டு வண்டி ஏறின.

வாடியில் மரச்சீவலைக் கூட்டி மூட்டை கட்டி விற்பவள் பாஞ்சாலி. அவள் அவனைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தெனம் தொறக்கப்போறது ஆரு?" என்று நடித்துக் காட்டுவாள். தச்சர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவன் பத்ரிதான். வீட்டில் அவனைப் பார்த்து எத்தனை சிரிப்புக் கேட்டிருப்பான்! இது வேறு சிரிப்பு. இதில் அவனுக்கும் பங்கு இருந்தது. அவள் பேச்சும் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. "இன்னா பாஞ்சாலி, மூட்டை கட்டிக்கினே தூங்கறியா?" என்பான். சாயங்காலம் வீடு திரும்பும்போது, லஸ் முனையில் வாய் தானாக மூடிக்கொள்ளும். வீட்டுக்குள் நுழைகையில் வாசற்படி காலைத் தட்டும். "பாத்து வாடா, அசடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எப்படித்தான் தெரியுமோ!

அப்படி இரண்டு ஆளாக அவன் சௌக்கியமாகவே இருந்தான், நீரஜாவைப் பார்க்கும்வரை.

ஸ்ரீரங்கன் என்று ஒரு ரிடையரான போஸ்ட்மாஸ்டர், பனகல் பார்க்குக்குப் பின்னால் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பார்க்க வரும்போது பள்ளிப் படிப்பு முடித்த மகள் நீரஜாவையும் அழைத்து வந்தார். தெரு ஜன்னலைத் தலைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், திருட்டுப் பயம், என்றார் அவர். தரையில் உட்கார்ந்தால் தெரு தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றாள் அவள். வாக்குவாதம் சூடு பிடித்தது. பத்ரி வந்து நின்றான்.

"சார், அந்த ஜன்னல்கிட்ட தினம் உக்காரப்போறது யாரு?"

"நான் எங்கே உக்காரப்போறேன்? இவதான். அதுவும் கல்யாணமாகிப் போற வரைக்கும்."

"போற வரைக்கும் தெருவைப் பாக்கட்டுமே. திருடனுக்கு நான் இரும்புக் கம்பி வெச்சுத் தரேன்."

நீரஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தின கைக்கு மேலே இரண்டு கண்ணும் சிரித்தன. பத்ரி அன்று இரண்டு பேருக்குக் கதவை மாற்றிக் கொடுத்துவிட்டான். ஸ்ரீரங்கனுக்குப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நீ யாராத்துப் பிள்ளைப்பா?" என்று கேட்டார். சித்திரக்குளம் என்று சொன்னால் போதும், அங்கே யாரைக் கேட்டாலும் அசடு என்ற சொல் முதலில் வரும். "மயிலாப்பூர்ப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, இரும்புக் கம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

அந்த ஜன்னலுக்காக அப்பாவும் பெண்ணும் இன்னும் சில தடவை வந்தார்கள். மற்றவர்களிடம் அவன் "தினம் இதைத் தெறக்கப்போறது யாரு?" என்று கேட்பதைக் கேட்டு நீரஜா சிரிப்பாள். ஒரு ஜன்னலுக்கு அத்தனை நடை எதற்கு என்று பாஞ்சாலிக்கு மட்டும் புரிந்தது. "சாமி, அந்தப் பொண்ணு வந்தா உன் மூஞ்சி புது கதவு கணக்கா மின்னுது. போய்க் கேளேன்" என்றாள்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா இவாளுக்கு நான் யாருன்னு தெரிஞ்சுடும் பாஞ்சாலி."

"நீ ஆரு? நாராயணன் சாமிதான?"

அதுதான் அவனுக்கே தெரியவில்லை. அவள் பார்த்துச் சிரிக்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான். அவன் லஸ் முனை தாண்டினால் இருப்பதில்லை. அவளை வீட்டுக்கு அழைத்து வந்தால் அவள் எவனோடு குடித்தனம் பண்ணுவாள்?

இதற்கிடையில் வீடு முடிந்து ஸ்ரீரங்கன் குடிவந்துவிட்டார். அவர் மைத்துனர் மயிலாப்பூரிலிருந்து ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். வக்கீலின் இளைய பிள்ளை, பத்ரி என்று பேர், கம்பெனியில் உத்தியோகம், பத்துப் பொருத்தமும் பிரமாதம். ஸ்ரீரங்கன் கேசவப் பெருமாளைச் சேவிக்கப் போன சாக்கில் குளக்கரையில் விசாரித்தார். "பரம சாது" என்றார் ஒருவர். "அசடுன்னு சொல்லேன், என்ன பயம்?" என்றார் கூட இருந்தவர். ஸ்ரீரங்கன் முகம் தொங்கிப்போய் வீடு வந்தார். நீரஜா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். மைத்துனர் மனசு கோணக் கூடாது, பெண் பார்க்க ஒரு தரம் வந்து போகட்டும். பிறகு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு, மரவாடிப் பையன் யாராத்துப் பிள்ளை என்று பீர் முஹம்மதிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று அப்பாவும் மகளும் முடிவு செய்தார்கள்.

பத்ரியிடம் வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "வேஷ்டி மாத்திண்டு கிளம்பு. பொண்ணு பாக்கப் போறோம்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்பா, அம்மா, வேதா அத்தை, ரகுபதி எல்லோரும் ஜட்காவில் ஏற, இவன் வண்டிக்காரன் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். வண்டி பனகல் பார்க்கைச் சுற்றித் திரும்பியது. ஒரு புது வீட்டு வாசலில் நின்றது. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், இரும்புக் கம்பியோடு.

பத்ரி வைத்துக் கொடுத்த அதே ஜன்னல். வண்டியை விட்டு முதலில் குதித்தவனும் அவன்தான். ஓடிவிடலாம் என்ற நினைப்பு. அதற்குள் கதவு திறந்தது. அதுவும் அவன் காட்டிய கதவு. ஸ்ரீரங்கன் வெளியே வந்தார்.

"அடடே, நாராயணனா! கதவு பேஷா இருக்குப்பா. ஆனா இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வா. பிள்ளையாத்துக்காரா வர நேரம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, அவனைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தி, வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக் கை கூப்பினார். "வாங்கோ, வாங்கோ. பிள்ளை வரலையா?"

"நீங்க இப்போ தள்ளி விட்டேளே, அதுதான் பிள்ளை" என்றார் ஆராவமுதய்யங்கார்.

ஸ்ரீரங்கன் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பு இல்லை. சந்தோஷத்தில் அவருக்கு வாய் குழறியது. உள்ளே ஓடி மகளிடம் சொல்லிவிட்டு வந்தார். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. நீரஜா வந்து சேவித்துவிட்டு நிமிர்ந்தாள். ஆசையோடு பார்த்தாள்.

அவள் பார்த்தது வேறு யாரையோ. தோள் சுருங்கி, கண் தரையில், வாய் இறுக மூடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். காப்பி டம்ளரை எடுத்தான். அத்தனை கண்ணும் கையைப் பார்த்தன. காப்பி வேஷ்டியில் கொட்டியது.

"அசடு! ஒண்ணைக் கையில குடுக்கப்படாதே!" என்றாள் வேதா அத்தை, வழக்கமான குரலில், வழக்கமான பிரியத்தோடு. நீரஜாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. பத்ரி அதைப் பார்த்துவிட்டான். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவனுக்கு.

"பையன் ஏதாவது கேக்கணும்னா கேக்கலாமே" என்று ஸ்ரீரங்கன் தவித்துக்கொண்டு சொன்னார்.

"அவன் என்ன கேக்கப்போறான்? நாங்க பேசிக்கறோம்" என்றான் ரகுபதி. பேசிக்கொண்டார்கள். பெண் கல்யாணத்துக்கப்புறம் பேப்பர் படிக்கலாமா கூடாதா, எந்த ரூமில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குக் குளித்துத் தளிகை பண்ண வர வேண்டும் என்று அத்தை அடுக்கினாள். ரகுபதி திருத்தினான். ஸ்ரீரங்கன் தலையாட்டினார். நீரஜா தூணோரம் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்த் துடுக்கு என்று அவளுக்கும் அவள் வீட்டில் ஒரு பேர் உண்டு. இன்றைக்கு வாயைத் திறக்காதே என்று அவளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். பாவம், எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"தினம் இதைத் தெறக்கப்போறது யாரு?" என்றாள்.

என்ன கேட்கிறாள் இந்தப் பெண் என்று எல்லோரும் விழித்தார்கள். ஒரே ஒருவனுக்குத்தான் புரிந்தது. பத்ரி தலை நிமிர்ந்தான். பிறகு சிரித்தான். வாடியில் தச்சர்களுக்கு மேலே கேட்கிற அந்தச் சிரிப்பு, அவன் வீட்டார் யாரும் கேட்டிராத சிரிப்பு.

"அப்படிக் கேளு! அத்தை, கொஞ்சம் இருங்கோ. இங்க குடித்தனம் பண்ணப்போறது நானும் அவளும். இன்னா அண்ணா, முழிச்சுக்கினு கீறே? ஒரு கதவைக்கூட நான் இதைக் கேக்காம விக்கறதில்லை." மயிலாப்பூரும் தேனாம்பேட்டையும் அவன் வாயில் கலந்து வந்தன, அவன் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்துப் பேசினான். "உண்மையைச் சொல்லிடறேன். ஆத்துல நான் அசடு. வாடியில கெட்டிக்காரன். வேஷம் இல்லை, ரெண்டும் நான்தான். கட்டிண்டா ரெண்டும்தான் வரும். உனக்குப் பிடிச்சிருக்கா?"

"வாடியில பாத்தவரை எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னொருத்தரை மெதுவா பழகிக்கறேன்" என்றாள் நீரஜா.

ஆராவமுதய்யங்கார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். "இவன் இவ்வளவு பேசுவான்னு தெரிஞ்சிருந்தா கோர்ட்டுக்கு அழைச்சிண்டு போயிருப்பேனே" என்றார். அம்மா புடவைத் தலைப்பால் பத்ரியின் வேஷ்டியில் இருந்த காப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குத் தலைப்பில் இடம் மிச்சம் இல்லை.

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. பீர் முஹம்மது குடும்பத்தோடு வந்து பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாஞ்சாலி மாப்பிள்ளையைப் போல் நடித்துக் காட்டியதில் சம்பந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணமானவுடன் பத்ரி மாறிவிட்டான் என்று சொன்னால் பொய். வீட்டில் நுழைந்தால் வாசற்படி இன்னும் தட்டத்தான் தட்டியது. ஆனால் நீரஜா சாப்பிடும்போது, "இன்னிக்கு வாடியில யார் வந்தா?" என்று கேட்பாள். அவன் சொல்வான். முதலில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு அம்மா கரண்டியோடு நின்று கேட்டாள். பிறகு அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். ஒரு நாள் ரகுபதி சிரித்ததில் அவன் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்ரிதான், "வழுக்கிடுத்து, பாவம்" என்றான்.

சில வருஷம் கழித்து ஒரு விஜயதசமி. அதே கூடம், அதே தாம்பாளம், அதே பச்சரிசி. பத்ரி தன் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுதினான். வைதிகர்கள் மந்திரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். குழந்தை அப்பாவைப் பார்த்தது, அரிசியைப் பார்த்தது, ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேதா அத்தையைப் பார்த்தார்கள். அவளுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. பேர் வைக்கிற வாய் மட்டும் அப்படியே இருந்தது. நீரஜா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்ரிக்குக் கை நடுங்கியது, தனக்காக அல்ல.

அத்தை குழந்தையைப் பார்த்தாள். பிறகு பத்ரியை வெகுநேரம் பார்த்தாள்.

"குழந்தைக்குப் பசிடீ" என்றாள். "கார்த்தாலேர்ந்து பட்டினி போட்டா என்ன பண்ணும்? யாராவது ஏதாவது குடுங்கோ."

நீரஜா சமையலறைக்கு ஓடினாள். பத்ரிக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது. தாம்பாளத்திலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை அள்ளி, பிள்ளையோடு சேர்ந்து தானும் மென்றான்.